சூடு கண்ட பிள்ளைகள்

அவைத்தலைவர் அவர்களே, விளக்கேற்றி வைத்த ஓய்வுநிலை அதிபர் அம்மா அவர்களே, இரவுக் கடமைக்குப் போகும் வழியில் நமக்காக வந்திருக்கும் வைத்தியர் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த அறங்காவலர் சபையினரே, முன்வரிசையில் இருக்கும் தாய்மாரே, எல்லோருக்கும் வணக்கம். போன வருடமும் என்னை இங்கே பேச வைத்தீர்கள். அந்த அன்புக்கு நன்றி.

சிறுவயதில் பட்ட காயம் மூளையை என்ன செய்கிறது, உடம்பை என்ன செய்கிறது, எப்படி ஆறுகிறது என்று மூன்று விஷயம் பேச வந்தேன்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். அந்தச் சூட்டை மூளையில் காத்து வைத்திருப்பது அமிக்டலா என்ற சிறு பகுதி. ஆபத்து என்று அது குரல் கொடுத்ததும் கோர்டிசோல் என்ற பதற்ற ஹோர்மோன் சுரக்கும், நெஞ்சு படபடக்கும். ஆபத்து நீங்கினால் அடங்க வேண்டும். வீட்டில் நாளும் குடியும் அடியும் என்றால் எப்படி அடங்கும்? நிதானமாக யோசிக்கும் முன்மூளையோ இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பது. கதிரை இழுபடும் சத்தத்துக்கே துள்ளும் பிள்ளையைக் குழப்படிக்காரன் என்கிறோம். அவன் பயந்திருக்கிறான்.

எனக்குத் தெரிந்த ஒருவர், கொழும்பு பம்பலப்பிட்டியில் கடை வைத்திருக்கிறார். 1983 ஆடிக்கலவரத்தில் அவருக்கு ஆறு வயது. வீடு எரிந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா அவரைத் தூக்கிக்கொண்டு போய் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து, கூட்டம் கலையும்வரை கையைப் பிடித்தபடி கூடவே இருந்தார். பிறகு 1996 மார்ச். லாகூரில் நாங்கள் கிரிக்கெட் உலகக் கிண்ணம் வென்ற இரவு. காலி வீதி முழுக்க வெடி, கூச்சல், ஆட்டம். அரவிந்த டி சில்வா அடித்த ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கைதட்டியவர்தான் இவரும். தெருவில் கூட்டத்தின் சத்தம் கேட்டதும் என்ன செய்தார் தெரியுமா? லைட்டை அணைத்தார். கதவைப் பூட்டினார். தாயையும் தங்கையையும் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் குந்திக்கொண்டார். “அண்ணா, நாங்கள் வென்றுவிட்டோம்!” என்று தங்கை கத்துகிறாள். அவருக்குக் கேட்கவில்லை. சூடு கண்ட பூனை ஐயா!

நாற்பது தாண்டித்தான் உளவளத்துணையாளர் ஒருவரிடம், தமிழில், முதன்முறையாக அதைச் சொன்னார். இப்போதும் வெடி கேட்டால் நெஞ்சு அடிக்குமாம், ஆனால் கதவைப் பூட்டுவதில்லை. மூளை எந்த வயதிலும் புதிதாகப் பழகும்.

அந்தச் சிங்கள அம்மாவின் கையை மறந்துவிடாதீர்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வேர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமையும் குடும்பச் சச்சரவும் சூழ வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வந்தார்கள். அவர்களுக்கு நம்பிக்கையான ஒரு பெரியவராவது இருந்தார், பாட்டியோ ஆசிரியரோ. உடம்புக்கு வரும் கேட்டை வைத்தியர் ஐயா என்னைவிட நன்றாகச் சொல்வார்.

நான் கேட்பது ஒன்றுதான். கொழும்பின் ஒவ்வொரு தமிழ்மொழிமூலப் பாடசாலைக்கும் ஒரு முழுநேர ஆலோசனை ஆசிரியர் வேண்டும். கணிதம் படிப்பிப்பவரின் தலையில் இதையும் கட்டிவிட்டால் போதாது. பாடசாலையில் அடிக்கக்கூடாது என்று 2005இலேயே சுற்றறிக்கை வந்தது. பிரம்பு பிடித்த கையிடம் போய்ப் பிள்ளை மனம் திறக்குமா? சூடு கண்ட பூனை அல்லவா?

வாசல் மேசையில் கல்வி அமைச்சுக்கான விண்ணப்பம் இருக்கிறது. பெற்றோர் கையெழுத்துத்தான் வேண்டும். அப்புறம், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை இப்போதே தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள், இரவிலும் எடுக்கலாம்.