பாசி நாளும் அலுவலக நாளும்

நேயர்களுக்கு வணக்கம். அரசுக் கோப்புகளைச் சிவப்பு நாடாவால் கட்டிவைக்கும் வழக்கம் ஆங்கிலேயர் காலத்தது. நாடா போய்க் கணினி வந்த பின்னும் கட்டு அவிழவில்லை என்பதை, பாம்பன் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு மனு எழுதித் தருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில்தான் கடல் நன்றாக வற்றும். அப்போதுதான், பாறை கீறாதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, இவர்கள் பாசி பறிக்க முடியும். அந்த நாளில் அலுவலகத்துக்கு வரச்சொன்னால், போன கூலியை மறுநாள் கடலில் இறங்கி ஈட்டிவிட முடியாது.

அவர்களில் ஒருவர், மகளின் கல்வி உதவித்தொகைக்காக வருமானச் சான்றிதழ் கேட்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தார். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படியேற வேண்டிய மனு, 'குடும்ப அட்டை நகல் தெளிவாக இல்லை' என்ற ஒற்றை வரியோடு திரும்பியது. அட்டையைக் கொடுத்ததே அரசு; அதன் விவரம் முழுவதும் அரசின் கணினியிலேயே இருக்கிறது. தெளிவான நகலை ஏற்றியதும், முகவரியில் ஓர் எழுத்து ஆதாரோடு பொருந்தவில்லை என்று மறுபடி திரும்பியது. இதை முதல் முறையே சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் ஆற்றாமை. மூன்று முறை அலைந்தார். அதில் இரண்டு, பாசி நாட்கள். கிடைத்த சான்றிதழை ஈரம் படாமல் பாலித்தீன் உறையில் சுற்றி வைத்திருக்கிறார். அதுவும் ஓராண்டுக்குத்தான் செல்லும்.

விதிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடை மீன்வளம் பெருகுவதற்காக வந்தது. விசைப்படகுகள் டோக்கன் பெற்றுப் போவதால், கடலுக்குப் போன படகு எது என்ற கணக்கு கரையில் இருக்கிறது. இவை தளரக் கூடாது. ஆனால் ஒரு துறையிடம் இருக்கும் தாளை இன்னொரு துறை மக்களிடம் கேட்பது எதையும் காப்பதில்லை. நகல்களில் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் கையொப்பத்துக்குப் பதிலாக விண்ணப்பதாரரின் சுயசான்றே போதும் என்று 2014இல் மத்திய அரசு வலியுறுத்தியது. பல அலுவலகங்கள் அதை ஏற்றன, வேலை எதுவும் நின்றுவிடவில்லை.

ஆகவே வருவாய்த் துறையினரிடம் என் வேண்டுகோள் இரண்டு: மனுவில் உள்ள குறைகள் அனைத்தையும் ஒரே முறையில் எழுதித் தாருங்கள், நேரில் வரச்சொல்ல வேண்டியிருந்தால், நாள் குறிக்கும் முன் அந்தப் பெண்களிடம் கடல் என்றைக்கு வற்றும் என்று கேளுங்கள்.