வந்தவனும் வரவேற்றவனும்: ஒரு லத்தீன் சொல்லின் வேர்

அவையோருக்கு வணக்கம். காய்ச்சலென்றால் ஆஸ்பத்திரி, பசித்தால் ஹோட்டல், வெளியூரில் படித்தால் ஹாஸ்டல். தெருவில் தினமும் புழங்கும் இந்த மூன்றும் 'ஹோஸ்பெஸ்' என்ற ஒரே லத்தீன் சொல்லின் வாரிசுகள்.

வந்த விருந்தாளியும் ஹோஸ்பெஸ், வரவேற்ற வீட்டுக்காரரும் ஹோஸ்பெஸ். இத்தாலியரின் 'ஓஸ்பிதே' இன்றுவரை இரண்டு பேரையும் குறிக்கிறது. அகராதியில் இருப்பது எழுவாய் வடிவம்; அதை வைத்துத் தேடினால் வழி தவறும். வேற்றுமை ஏறும்போது அது 'ஹோஸ்பிட்-' ஆகும். அந்த 'ட்'டைப் பிடித்தால்தான் 'ஹோஸ்பிட்டாலே' கிடைக்கும். அது முதலில் மருத்துவமனை அல்ல, சத்திரம். யாத்திரிகரும் ஏழைகளும் நோயாளிகளும் ஒரே கூரையின்கீழ் தங்கினார்கள். ஜெருசலேமில் அப்படியொரு சத்திரம் நடத்திய துறவியர் சபையைப் போப்பாண்டவர் 1113இல் அங்கீகரித்தார். பிரெஞ்சுக்காரர் வாயில் அதே சொல் 'ஓஸ்தெல்' ஆயிற்று. பிறகு 'ஸ்' ஒலி தேய்ந்து 'ஓதெல்'. தேய்ந்த எழுத்துக்கு அடையாளமாக 'ஓ'வின் தலையில் ஒரு சின்னக் கூரை போட்டு எழுதுகிறார்கள்.

ஹோஸ்பெஸ் ஒரு கூட்டுச்சொல். பின்பாதி, நாம் சேனாபதி என்கிறோமே, அந்தப் 'பதி'க்கு உறவு. முன்பாதிதான் வியப்பு: 'ஹோஸ்டிஸ்'. லத்தீனில் அதற்குப் பொருள் பகைவன்! ஆனால் ஜெர்மனில் 'காஸ்ட்', ரஷ்யனில் 'கோஸ்த்', இரண்டும் விருந்தாளியே. இந்த மொழிகளுக்கெல்லாம் பொதுவான மூலச்சொல்லின் முதலெழுத்து, இந்திக்காரர் வீட்டைக் 'கர்' என்னும்போது மூச்சோடு வரும் ககரம். லத்தீனில் அது 'ஹ' ஆனது, ஜெர்மனில் 'கங்கை'யின் முதல் 'க'வாக நின்றது. தோட்டத்துக்கு லத்தீனில் 'ஹோர்ட்டுஸ்', ஜெர்மனில் 'கார்ட்டன்'. இப்படி ஒலி ஒழுங்காக மாறினால்தான் உறவு. காதுக்கு ஒத்துப்போவது சாட்சியாகாது. லத்தீன் 'ஹபேரே', ஜெர்மன் 'ஹாபன்' இரண்டுக்கும் பொருள் 'உடைத்திருத்தல்'; ஒலியும் பொருளும் ஒத்தும் உறவில்லை. ஜெர்மனின் 'ஹ'வுக்கு லத்தீனில் 'கல்'லின் 'க' வரவேண்டும்: 'ஹுண்டர்ட்', 'கென்டும்', இரண்டும் நூறு. ஆகவே ஹாபனின் உறவு 'காபெரே', பிடித்தல். நம்மூர்ச் சொல்லாராய்ச்சி பாதி இந்தக் குழியில்தான் விழுகிறது.

விருந்தாளி எப்படிப் பகைவன் ஆனான்? பழைய ரோமில் ஹோஸ்டிஸ் என்றால் வெறும் அந்நியன். ரோமானியப் பேச்சாளர் சிசரோ கி.மு. 44இல் இதைச் சொல்லி, ரோமின் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரு பலகைச் சட்டத்தைச் சான்று காட்டுகிறார். போரிட வந்தவனைக்கூட முன்னோர் மென்மையாக அழைத்தார்கள் என்று அவருக்குப் பெருமை. எனக்கென்னவோ, போர் பெருகப் பெருகச் சொல்தான் கெட்டது என்று தோன்றுகிறது. அந்நியனை நம்புவதற்குக் கையில் அடையாளம் தேவைப்பட்ட காலம் அது. ரோமில் சாந்தோமொபோனோ அகழாய்வில் கிடைத்த தந்தச் சிங்கத்தைப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும். முன்பக்கம் படுத்த சிங்கம். பின்பக்கம் தட்டையாக இழைத்து, ரோமின் அண்டை மக்களான எட்ருஸ்கரின் எழுத்தில் பெயர் பொறித்திருக்கிறது. இதன் இணை இன்னொரு வீட்டில் இருந்திருக்கும். இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் 'ஹோஸ்ட்' என்று ஒரே எழுத்துக்கூட்டில் மூன்று சொற்கள் உண்டு. வரவேற்பவர் ஹோஸ்பெஸின் வழி. பெரும்படை ஹோஸ்டிஸின் வழி. மூன்றாவது, கத்தோலிக்கக் கோயிலில் நாம் 'ஓஸ்தி' என்று சொல்லும் அப்பம். அது பலிவிலங்கைக் குறித்த 'ஹோஸ்டியா'விலிருந்து வந்தது. விருந்தாளி வரிசையில் அதை உட்கார வைத்துவிடாதீர்கள்.