விளக்கு மாட்டுகிறவன் சொல்கிறேன்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளாக வீடுகளில் மின்விளக்கு மாட்டுவதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவனைப் பகல் வெளிச்சத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். குடைக்காரனைக் கூப்பிட்டு மழை வேண்டாம் என்று பேசச் சொன்ன கதைதான். ஆனால் பட்டப்பகலில் விளக்கு எரியும் அறைகளை என் அளவுக்குப் பார்த்தவர்கள் குறைவு.

ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். படிக்கும் மேசைக்கு மேல் ஏற்கெனவே இரண்டு டியூப்லைட்டுகள். மூன்றாவதும் வேண்டும் என்றார். "மூக்குக்கண்ணாடியைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டேன் தம்பி, எழுத்து மங்கலாகவே இருக்கிறது." இத்தனைக்கும் அறையில் நல்ல பெரிய ஜன்னல். என் பையில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் எப்போதும் கிடக்கும். விளக்குகளை அணைத்துவிட்டு ஜன்னலோரம் வைத்தேன், 1,100 லக்ஸ். மேசைமேல் வைத்தேன், வெறும் 70. இடைவெளி எட்டடிதான். படிக்க வேண்டுமென்றால் 300-க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

"ஐயா, இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வானம் தெரிகிறதா?" என்று கேட்டேன். அவர் உட்கார்ந்தார், குனிந்தார், கழுத்தை ஒடித்துப் பார்த்தார். "எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிகிறது."

ஜன்னலின் மேற்பகுதியில் ஒரு முழத்துக்கு, அழகுக்காகச் சுருக்கு வைத்த துணி தொங்கியது. ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றினேன். எதிர்வீட்டு மொட்டைமாடிக்கு மேலே ஒரு கீற்று வானம் எட்டிப் பார்த்தது. மீட்டரில் 160. பிறகு இருவருமாக மேசையை நாலடி இழுத்து, ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி திருப்பிப் போட்டோம். 400 தாண்டியது. அவர் வலக்கைக்காரர், வெளிச்சம் இடப்புறமிருந்து வந்ததால் எழுதும்போது கை நிழலும் விழவில்லை. எனக்கு அன்று வருமானம் இல்லை. திரை கழற்றியதற்கு யாரிடம் கூலி கேட்பது?

அன்றிலிருந்து போகிற வீட்டிலெல்லாம் இதே கேள்விதான்: உட்கார்ந்த இடத்திலிருந்து வானம் தெரிகிறதா? பகல் வெளிச்சம் என்றால் நாம் வெயிலை நினைத்துக்கொள்கிறோம். வெயில் படாத ஜன்னலுக்கும் வெளிச்சம் தருவது வானம்தான். அது கண்ணில் படாத இடத்துக்குச் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் மிச்சம்தான் வந்து சேரும். அதனால்தான் ஜன்னலின் மேல்பாதியைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். அறைக்குள் ஆழமாக வெளிச்சத்தை அனுப்புவது அதுதான். தரையிலிருந்து ஜன்னலின் மேல் விளிம்பு எத்தனை அடியோ, ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம்வரை பகலில் புழங்கத் தோதாக இருக்கும். ஏழடி என்றால் பதினான்கு அடி. அந்த மேற்பகுதியைத்தான் துணியால் மூடி, பரண் பெட்டிகளை அடுக்கி, அடைத்துவிடுகிறோம். திரைக்கம்பியை ஜன்னலைவிட இரண்டு பக்கமும் ஒரு சாண் நீட்டிப் போட்டால், ஒதுக்கிய துணி சுவர்மேல் கிடக்கும், கண்ணாடியை மறைக்காது. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. ஆனாலும் இன்னொரு முறை சொல்கிறேன், கம்பியை நீட்டிப் போடுங்கள்.

இருட்டு நமக்கு ஏன் உறைப்பதில்லை? கண் பழகிவிடுகிறது. நல்ல வெயிலில் வெளியே 1 லட்சம் லக்ஸ் வரை இருக்கும். மேகம் மூடினாலும் நண்பகலில் 10,000 அளவுக்கு இருக்கும். அங்கிருந்து 100 லக்ஸ் அறைக்குள் வந்தாலும், சில நிமிடங்களில் "போதுமே" என்று தோன்றிவிடுகிறது. கண்ணை நம்பாதீர்கள் என்பேன். ஜன்னல் கண்ணாடியைத் துடைத்த துணியை நம்புங்கள். எவ்வளவு வெளிச்சம் வெளியிலேயே நின்றிருக்கிறது என்பதை அதில் ஒட்டிய அழுக்கு காட்டிவிடும்.

சுவர் வண்ணம், நிலைக்கண்ணாடி வைக்கும் இடம் என்று இன்னும் நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். கூரைக்கு வெள்ளை, பளபளப்பில்லாத வெள்ளை. ஜன்னலை ஒட்டிய சுவருக்கும் வெளிர்நிறம். அது கருத்திருந்தால் ஜன்னல் கண்ணைக் கூசும். மேற்கு வெயிலை மட்டும் கண்ணாடிக்கு வெளியிலேயே தட்டியோ மூங்கில் திரையோ கட்டி நிறுத்துங்கள். உள்ளே திரை போட்டால் சூடு அதற்குள் வீட்டுக்குள் வந்திருக்கும். நிலைக்கண்ணாடியைப் பற்றி, இன்னொரு நாள் அழைத்தால் பேசுகிறேன். வணக்கம்.