மழைக்கு முன்னால் வரத்துக்கால்

வணக்கம் நேயர்களே.

புரட்டாசி பிறந்துவிட்டது. செட்டிநாட்டின் தண்ணீர்ப் பற்றாக்குறையைப் பற்றியும், அதற்கு நிலையான வழி என்ன என்பதைப் பற்றியும் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே அழைத்தது நல்லது. நான் சொல்லப்போகும் வேலை, கண்மாய்க்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவருகிற வரத்துக்கால்களின் அடைப்பை எடுப்பது. அது மழைக்கு முன்னால் முடிக்கவேண்டிய வேலை.

முதலில் ஒரு கணக்கு. சிவகங்கை மாவட்டத்தில் சராசரியாக ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மாடியில் ஆண்டு முழுக்க விழுகிற மழையைச் சேர்த்தால் 80,000 லிட்டரைத் தாண்டும். நம் ஊர்களில் பத்தாயிரம் சதுர அடியைத் தாண்டிய வீடுகள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். வானம் பார்த்த பூமி என்று நம்மை நாமே சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அந்த வானம் நம்மை மொத்தமாகக் கைவிட்ட ஆண்டுகள் குறைவு. பெய்த மழை போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகாமல் நின்றுவிட்டது. நம் பற்றாக்குறையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

மணிமுத்தாறு, பாம்பாறு, விருசுழியாறு, தேனாறு, எதுவுமே ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மழை பெய்தால் ஓடும், நின்றால் மணல்தான். இதைத் தெரிந்துகொண்டுதான் முன்னோர்கள் வீடு கட்டும்போதே தண்ணீருக்கு வழி வைத்தார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கம் பழைய வீடு ஒன்றுக்குள் போய், முற்றத்தைச் சுற்றிய வளவில் நின்று அண்ணாந்து பாருங்கள். நாலு பக்கத்து ஓட்டுக் கூரையும் முற்றத்தை நோக்கியே சரிந்திருக்கும். ஓட்டு நுனியில் தகரத் தூம்பு ஓடும். மூலைக்கு மூலை குழாய் இறங்கும். முதல் மழையை விட்டுவிடுவார்கள், கூரை கழுவிப் போகட்டும் என்று. இரண்டாம் மழைக்கு அண்டாவின் வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டி வைப்பார்கள். அண்டா நிறைந்து, முற்றத்துக் கிணறும் ஊறி, மிஞ்சுவது தரைக்குக் கீழே இருக்கிற தூம்பு வழியாகத் தெருவுக்கு வரும். தெருவோரக் கால், அதாவது சின்ன வாய்க்கால், அதை ஊர்க் குளமான ஊரணிக்குக் கொண்டுபோகும். கூரையும் தெருவும் ஊரணியும் ஒரே அமைப்பு.

குடிக்கிற ஊரணிக்குச் சட்டதிட்டம் உண்டு. அதில் யாரும் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது. அதற்கெல்லாம் வேறு ஊரணி. படித்துறையில் இறங்கிக் குடத்தில் மொண்டு வருகிற தண்ணீர் செம்மண் கலங்கலாகத்தான் இருக்கும். ஆச்சிமார் மண்பானையின் உட்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டு, ஊரணித் தண்ணீரை ஊற்றி மூடி வைப்பார்கள். காலையில் பார்த்தால் கலங்கல் அடியில் படிந்து மேலே தெளிந்திருக்கும். இன்றைக்கு அந்தத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் குடியுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஏனென்றால் அதே தெருவோரக் காலில் இப்போது பாத்திரம் கழுவிய தண்ணீரும் கழிவறைத் தண்ணீரும் ஓடுகின்றன. முதலில் இதைப் பிரிக்கவேண்டும். வீட்டுக் கழிவுநீருக்கு உறிஞ்சுகுழியோ பாதாளச் சாக்கடையோ எது முடியுமோ அது. தெருவோரக் கால் மழைத் தண்ணீருக்கு மட்டும். இதைச் செய்யாமல் ஊரணிக்குச் சுற்றுச்சுவரும் நடைபாதையும் மின்விளக்கும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்தது கண்மாய். என் பேச்சின் கனமான பகுதி இதுதான்.

தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட கண்மாய்கள், ஏரிகள் இருப்பதாக அரசுக் கணக்கு. நம் பக்கத்துக் கண்மாய்கள் தனித்தனியாக நிற்பவை அல்ல. மேல் கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் வெளியேறுகிற கலுங்கு மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. அது நிறைந்தால் அடுத்தது. இந்தத் தொடரில் ஒரு இடத்தில் அறுந்தால் அதற்குக் கீழே இருக்கிற ஊர்களெல்லாம் காயும். இத்தனை ஆண்டுகளில் எவ்வளவோ பணம் செலவழித்துத் தூர்வாரியிருக்கிறோம். 2017இல் ஊர் மக்களே சேர்ந்து கண்மாயைச் சீரமைக்கிற குடிமராமத்துத் திட்டம் வந்தது, நூறு நாள் வேலையில் ஆண்டுதோறும் மண் வெட்டியிருக்கிறோம். கண்மாயின் உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கிற உட்பகுதி, ஆழமாகிறது. ஆனால் வரத்துக்கால் மூடிக் கிடந்தால் ஆழப்படுத்திய கண்மாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? தனக்கு நேரே மேலே விழுகிற மழைதான் அதற்கு மிச்சம். அதனால் நான் எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் ஒன்றைத்தான் சொல்கிறேன்: முதலில் வரத்துக்கால், அப்புறம் கலுங்கும், வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடையும், கடைசியில்தான் தூர்.

வரத்துக்கால் எங்கெங்கே அறுகிறது? சாலையை உயர்த்திப் போடும்போது, பழைய பாலம் இருந்த இடத்தில் ஒரு சின்னக் குழாயைப் பதித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதுவும் இரண்டு மழையில் அடைத்துக்கொள்கிறது. மனை போடுகிறவர்கள் பள்ளத்தை நிரவிக் கல் நடுகிறார்கள். தைலமரக் காடு இன்னொன்று. புதுக்கோட்டை, சிவகங்கை இரண்டு மாவட்டங்களிலும் நீர்ப்பிடிப்பு மேட்டில் ஏராளமான நிலம் தைலமரமாக நிற்கிறது. மரத்துக்குத் தண்ணீர் நிற்கட்டும் என்று வரப்பும் பள்ளமும் எடுத்துவிட்டால், கண்மாய்க்கு ஓடிவரவேண்டிய தண்ணீர் காட்டுக்குள்ளேயே நின்றுவிடும். மேட்டு நிலத்தில் தைலமரத்தைப் படிப்படியாகக் குறைத்து, நம் மண்ணுக்கான மரங்களைக் கொண்டுவரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரைக்கும் வரத்து குறுக்கிடுகிற இடங்களில் அந்த வரப்புகளையாவது திறந்துவிடவேண்டும்.

சீமைக்கருவேலத்தை ஒழிக்கவேண்டும் என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை. நீதிமன்றமும் சொல்லியாகிவிட்டது. ஆனால் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்குவது நடக்காது, தேவையும் இல்லை. வரத்துக்காலிலும் கண்மாய் உள்வாயிலும் கரையிலும் இருப்பதை முதலில் வேரோடு எடுப்போம். வெட்டி மட்டும் விட்டால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி கிளம்பும். வேரை எடுத்த இடத்துக்கு அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் போய்ப் பார்க்கவேண்டும்.

சரி, வரத்துக்கால் எங்கே போகிறது என்று இளைஞர்களுக்கு எப்படித் தெரியும்? கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும், நில விவரங்கள் எழுதிய ‘அ’ பதிவேடும் இருக்கும். புல வரைபடத்தை இப்போது இணையத்திலேயே எடுக்கலாம். வாய்க்கால் புறம்போக்கு என்று எழுதியிருக்கிற புல எண்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு ஊரில் ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு கலுங்கிலிருந்து மேல்நோக்கி நடங்கள். முன்பு கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பிரித்துவிடுகிற நீர்பாய்ச்சியாக இருந்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. வரைபடத்தில் இல்லாத சின்னச் சின்னக் கால்களெல்லாம் அவருக்குத் தெரியும். பெருமழை நின்ற மறுநாள் இன்னொரு முறை நடங்கள். தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறதோ, அடைப்பு அங்கேதான்.

இந்த வேலைக்குப் பணம் வேண்டும். கண்மாயில் மீன் பிடிக்கிற உரிமைக்கு விடுகிற மீன்பாசி ஏலப் பணம் ஊருக்கு ஊர் ஒவ்வொரு விதமாகச் செலவாகிறது. அதில் ஒரு பங்கை வரத்துக்கால் பராமரிப்புக்கென்று ஒதுக்கினால் ஆண்டுதோறும் கையேந்தவேண்டியதில்லை. மீன் பிடிக்கவேண்டும் என்று நெல் விளையும் முன்னே மடையைத் திறந்துவிடுகிற வழக்கத்தையும் ஏல நிபந்தனையிலேயே தடுத்துவிடலாம். வண்டல் மண் எடுக்க இப்போது வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் எடுத்துக்கொண்டால் தூர்வாரும் செலவில் ஒரு பகுதி குறையும்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நகரத்தார் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். கோயிலுக்குப் புள்ளி வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்கிற வரி, தவறாமல் கொடுக்கிறீர்கள். ஊரணிக்கும் புள்ளிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வைக்கலாமே. கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும் பூட்டிய வீட்டைத் திறக்கும்போது, வெள்ளையடிப்பதோடு தகரத் தூம்பையும் ஒட்டிவிடுங்கள், குழாயைக் கிணற்றோடு சேர்த்துவிடுங்கள். 2003இலேயே மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. பல வீடுகளில் குழாய் மட்டும் சுவரில் தொங்குகிறது, கீழே குழி மண்மூடிக் கிடக்கிறது.

காவிரி வரப்போகிறதே, அப்புறம் எதற்கு இதெல்லாம் என்று கேட்கிறார்கள். 2021 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் குன்னத்தூரில் காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். மாயனூர் கதவணையிலிருந்து 262 கிலோமீட்டர் கால்வாய். வரட்டும், நானும் ஆசையோடு காத்திருக்கிறேன். ஆனால் அது காவிரியில் வெள்ளம் போகிற நாட்களின் உபரித் தண்ணீர். அந்தச் சில நாட்களில் வருவதை வாங்கி வைத்துக்கொள்ள நம் கண்மாய்தான் வேண்டும். கண்மாய்க்குப் போக வாய்க்காலும் வேண்டும். மாநகராட்சி ஆகிவிட்ட காரைக்குடியும் அப்படித்தான். சம்பை ஊற்றுப் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகள் நகரத்துக்கே தண்ணீர் கொடுக்கின்றன. சுவையான தண்ணீர். ஆனால் அதுவும் என்றோ பெய்து மண்ணுக்குள் இறங்கிய மழைதான். சுற்றியிருக்கிற ஊரணியும் கண்மாயும் நிறையாமல் நாம் இறைத்துக்கொண்டே இருந்தால் அது எத்தனை காலம் தாங்கும்?

ஊர் கூடினால் முடியாதது இல்லை என்று சொல்ல நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி சரணாலயத்துக் கண்மாய்களுக்கு வருகிற பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று, கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சின்னப் பிள்ளைகள் வரைக்கும் அதைக் கடைப்பிடிக்கிறார்கள்.

வருகிற அக்டோபர் 2 அன்று கிராமசபை கூடும். உங்கள் ஊர் வரத்துக்கால்களின் புல எண்கள், எந்த இடத்தில் என்ன அடைப்பு, எந்தச் சாலைக்குக் கீழே பாலம் வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பொதுவாகத் தூர்வாரவேண்டும் என்று எழுதாமல், புல எண்ணைக் குறிப்பிட்டே தீர்மானம் கேளுங்கள். தீர்மான நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையால் எடுக்கக்கூடிய அடைப்புகளை மட்டும் அனுமதிக்குக் காத்திராமல், ஐப்பசி பிறப்பதற்குள் ஊரோடு சேர்ந்து எடுத்துவிடுங்கள்.

நன்றி. வணக்கம்.