மார்கழி மாத வருமானத்தையும் எழுதுங்கள்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் கூட வந்த பெற்றோருக்கும் வணக்கம். மூதூர், குச்சவெளி, ஈச்சிலம்பற்று என்று திருகோணமலை மாவட்டத்தின் தூர இடங்களிலிருந்து விடியவே பஸ் ஏறியிருப்பீர்கள். அதனால் பல்கலைக்கழக உதவிப்பணத்துக்குப் படிவம் நிரப்புகிற விஷயத்துக்கு நேரே வருகிறேன்.

அமெரிக்காவில் பல்கலைக்கழகக் கட்டணம் பெரிய சுமை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நாட்டு அரசு பெல் மானியம் என்று ஒன்று கொடுக்கிறது. 2024-25 கல்வியாண்டில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை 7,395 டொலர். கடன் அல்ல, வழமையாகத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. இதைக் கேட்டு, "இலங்கையில் எங்களுக்குத்தான் 1945இலிருந்து படிப்பு இலவசமாச்சே, இனி என்ன உதவி?" என்று சிலர் கேட்கிறார்கள். அங்கேதான் பிழை விடுகிறோம்.

அரச பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பதற்குக் காசு வாங்குவதில்லை, சரி. பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிற பிள்ளை தங்குகிற போடிங் காசு? மூன்று வேளைச் சாப்பாடு? லீவுக்கு வீட்டுக்கு வர பஸ் காசு? மகாபொல என்ற அரச உதவிப்பணம் இதற்குத்தான். லலித் அத்துலத்முதலி அமைச்சராக இருந்தபோது 1981இல் உருவான நிதியம் அது. ஒரு பங்கு திறமைக்கு. பெரும்பங்கு வீட்டு நிலைமையைப் பார்த்துக் கொடுப்பது. அது கிடைக்காத ஏழைப் பிள்ளைகளுக்குப் பர்சரி என்ற இன்னொரு உதவிப்பணம் இருக்கிறது. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து கிடைக்காது.

2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக்கினார்கள். பர்சரியை 4,000இலிருந்து 6,500 ஆக்கினார்கள். இன்றைய விலைவாசிக்கு இது போதாது, இன்னும் கூட்ட வேண்டும். இதை எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் அந்தக் காசும் வராத மாதத்தில் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு வகுப்பில் இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சில வருஷத்துக்கு முன் திருக்கடலூரில் ஒரு பிள்ளையின் படிவத்தை நிரப்பிக் கொடுக்கப் போனேன். தகப்பன் கடல் தொழில். மாத வருமானம் என்ற இடத்துக்குப் பெரிய தொகை ஒன்றைச் சொன்னார்.

"இவ்வளவு வருமா, அண்ணை?"

"சித்திரை வைகாசியில வரும், ரீச்சர்."

"மார்கழியில?"

மனுஷன் பேசவில்லை. கையில் பிடித்திருந்த வலை ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாடைக்காற்று அடிக்கிற நாட்களில் தோணி கரையில்தான் கிடக்கும். மனைவியின் தோடு அடகுக்குப் போகும். கொஞ்சம் பொறுத்து, "குறைச்சுச் சொன்னா என்ர பிள்ளையைக் குறைவா நினைப்பாங்களே" என்றார். எனக்கு எழுத்து ஓடவில்லை.

அப்பாமாரே, உங்கள் மானம் எனக்குப் புரிகிறது. ஆனால் நல்ல மாதத்தை மட்டும் எழுதினால் அது உண்மைக் கணக்கு இல்லை. பன்னிரண்டு மாதத்தையும் கூட்டுங்கள், தோணிக்கான மண்ணெண்ணெய்ச் செலவு போகக் கையில் மிஞ்சுவதைக் கிராம சேவகரிடம் உள்ளபடி சொல்லுங்கள். உள்ளதைவிடக் குறைத்தும் எழுதாதீர்கள். அது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் பங்கு.

அலுவலர்கள் யாரும் இங்கே இருந்தால் ஒரு வேண்டுகோள். கூலி வேலை செய்கிற ஒரு தாயிடம் சம்பளச் சீட்டு கேட்டு மூன்று தரம் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் அவருக்கு ஒரு நாள் கூலி போனது. அவரிடம் எப்படிச் சம்பளச் சீட்டு இருக்கும்? முதல் நாளே என்னென்ன வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பின்னால் மேசை போட்டிருக்கிறோம். படிவம் கொண்டுவந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். கணக்கை மார்கழியிலிருந்து தொடங்குவோம்.