64 பேருக்கு ஒரு கவுண்டி எதற்கு? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என்னை விடவில்லை. திண்டுக்கல்லில் இருந்து ஒரு பள்ளி ஆசிரியை அனுப்பியிருக்கிறார். அமெரிக்க மாநிலங்களைப் பற்றிய காணொளியில், டெக்சாஸில் 64 பேர் மட்டுமே வசிக்கும் லவிங் கவுண்டி என்று ஒன்று இருப்பதாகப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதை அவர் வகுப்பில் சொல்ல, பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்களாம். “ஐயா, எங்கள் தெருவிலேயே அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். 64 பேருக்கு ஷெரீப், நீதிமன்றம், தேர்தல் எல்லாம் எதற்கு? பக்கத்துக் கவுண்டியோடு சேர்த்துவிட வேண்டியதுதானே? அப்புறம், லவிங் என்றால் அன்பா?”

அருமையான கேள்வி. பெயர் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். ஆனால் மேலிருந்து அனுப்பப்படும் கலெக்டர் அங்கே கிடையாது. நிர்வாகத் தலைவரை டெக்சாஸில் கவுண்டி ஜட்ஜ் என்பார்கள். அவரும், நான்கு கமிஷனர்களும், காவல் தலைவரான ஷெரீப்பும், எழுத்தரும் தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறவர்கள். டெக்சாஸில் 254 கவுண்டிகள். ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 2020-ல் 47 லட்சம் பேர். அங்கேயும் நான்கு கமிஷனர்கள்தான், லவிங்கிலும் நான்கு கமிஷனர்கள்தான். மாநில அரசியல் சட்டம் அப்படி. அதனால் 64 பேர் இருக்கும் கவுண்டியிலும் நான்கு வார்டாகப் பிரிந்து ஓட்டுப் போடுகிறார்கள்.

நிலம் சின்னதில்லை, சுமார் 1,750 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போல நான்கு மடங்கு. ஆளுக்கு 27 சதுர கிலோமீட்டர் வருகிறது. வடக்கே நியூ மெக்சிகோ மாநிலம். மேற்கிலும் தெற்கிலும் பெக்கோஸ் ஆறு. கிழக்கே அளவுகோல் வைத்துக் கிழித்த நேர்கோடு. ஆண்டு மழை சுமார் 250 மில்லிமீட்டர்தான்.

இப்போது, நான் எப்போதும் சொல்வதைத் திரும்பவும் சொல்கிறேன். பழைய நேயர்களுக்குத் தெரிந்ததுதான். மக்கள்தொகையை ஒற்றை எண்ணாகப் பார்க்காதீர்கள், வரிசையாகப் படியுங்கள். டெட்ராய்ட் பற்றிப் பேசியபோதும் இதையேதான் சொன்னேன். லவிங்கின் வரிசையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 1890-ல் 3 பேர். 1900-ல் 33. 1910-ல் 249. 1920-ல் 82. 1930-ல் 195. 1940-ல் 285. அதன் பிறகு 227, 226, 164, 91, 107, 67, 82, கடைசியாக 2020-ல் 64. ஏறி இறங்கி, ஏறி இறங்கி வருகிறது பாருங்கள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

1887-ல் டாம் கிரீன் என்ற பெரிய கவுண்டியில் இருந்து இதைப் பிரித்துக் கோடு போட்டார்கள். மூன்று வருடம் கழித்து எண்ணப் போனால் மூன்றே பேர். அப்புறம் 1893-ல் கொலராடோவின் டென்வரில் இருந்து ஒரு பாசனக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். பெக்கோஸில் வாய்க்கால் வெட்டப் போகிறோம், நிலம் பச்சையாகப் போகிறது, எங்களுக்குத் தனிக் கவுண்டி நிர்வாகம் வேண்டும் என்று 150 வாக்காளர் பெயரோடு மனுக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுக்கு முன் 3 பேர் இருந்த இடத்தில் 150 வாக்காளர்கள்! தேர்தலும் நடந்தது, பதவிகளும் நிரம்பின. ஆற்றில் வெள்ளம் வந்து வாய்க்கால் வேலையைக் கெடுத்தது. பதவிக்கு வந்தவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். 1897-ல் டெக்சாஸ் சட்டமன்றம் அந்த நிர்வாகத்தைக் கலைத்து, லவிங்கைப் பக்கத்து ரீவ்ஸ் கவுண்டியோடு சேர்த்துவிட்டது.

சேர்த்துவிட வேண்டியதுதானே என்று பிள்ளைகள் கேட்டார்கள் அல்லவா? சேர்த்தார்கள். 34 வருடம் சேர்ந்தே இருந்தது.

அந்த 34 வருடத்தில் அரசு நிலம் விலைக்குக் கிடைக்கிறது என்று விவசாயிகள் வந்தார்கள், அதுதான் 1910-ன் 249. வறட்சி வந்தது, கிளம்பிப் போனார்கள், 82. பிறகு 1921-ல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். 1931-ல் லவிங் மறுபடி தனிக் கவுண்டி. டெக்சாஸில் இரண்டு முறை அமைக்கப்பட்ட கவுண்டி இது ஒன்றுதான். கடைசியாக அமைக்கப்பட்டதும் இதுதான்.

எண்ணெய் கிடைத்தால் ஏன் தனிக் கவுண்டி? டெக்சாஸில் நிலத்துக்கு அடியில் இருக்கும் எண்ணெய் பெரும்பாலும் தனியார் சொத்து. வீட்டு வரி மாதிரி அதற்கும் ஆண்டுதோறும் மதிப்புப் போட்டுக் கவுண்டி வரி வாங்கும். பக்கத்துக் கவுண்டியோடு சேர்ந்திருந்தால் வரியும் அங்கே போகும், எங்கே சாலை போடுவது என்பதையும் அவர்கள்தான் முடிவு செய்வார்கள். தனியாக இருந்தால் எல்லாம் இங்கேயே. அந்த எல்லைக்கோட்டை இன்றுவரை காப்பாற்றுவது இந்த வரிதான் என்பது என் கருத்து. நீதிமன்றம், ஷெரீப் எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

ஷெரீப் என்றதும் எட்னா ரீட் கிளேட்டன் டிவீஸ் என்ற அம்மையாரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1945-ல் லவிங் கவுண்டியின் ஷெரீப்பாக நியமிக்கப்பட்டார், பிறகு தேர்தலில் நின்றும் ஜெயித்தார். டெக்சாஸில் தேர்தலில் ஜெயித்த முதல் பெண் ஷெரீப் அவர். பதவியில் இருந்தவரை துப்பாக்கி வைத்துக்கொண்டதே இல்லை. மொத்தம் இரண்டே கைது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் ஷெரீப் வேலை வேறு மாதிரி. ஆசிரியை அவர்களே, இதை அவசியம் வகுப்பில் சொல்லுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஓர் ஆகஸ்ட் மாதம், இந்தக் கவுண்டி வழியாகப் போகும் வாய்ப்புக் கிடைத்தது. டல்லாஸில் இருக்கும் தங்கை வீட்டில் இருந்து கார்ல்ஸ்பாட் குகைகளைப் பார்க்கக் கிளம்பினோம். தங்கை மகன்தான் ஓட்டினான். ஒடெஸா தாண்டி 302-ஆம் நெடுஞ்சாலையில் போனால் மென்டோன் வரும். அதுதான் கவுண்டியின் தலைநகரம், ஒரே ஊரும் அதுதான். ஆளரவமே இருக்காது என்று நினைத்துக்கொண்டு போனேன். லாரி, லாரி, லாரி. மணல் ஏற்றியவை, தண்ணீர் ஏற்றியவை, குழாய் ஏற்றியவை. மஞ்சள் செங்கல்லில் கட்டிய சின்ன நீதிமன்றம், 1935-ல் கட்டியது, அந்தப் புழுதிக்குள் நின்றது. அதைச் சுற்றி வர ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை.

நீதிமன்றத்தைத் தாண்டிச் சாலையோரம் காரை நிறுத்தினோம். பையன் ஒரு முள்மரத்தைக் காட்டி, “மாமா, இது நம்ம ஊர் வேலிக்காத்தான் இல்லே?” என்றான். கிட்டே போய்ப் பார்த்தேன். அதே முள், அதே வளைந்த தண்டு, கொத்துக் கொத்தாகத் தொங்கும் வைக்கோல் நிறக் காய். ஒன்றை ஒடித்து மென்று பார்த்தேன், அதே இனிப்பு. இலையில்தான் வித்தியாசம் தெரிந்தது. நம்முடைய சீமைக்கருவேலத்தில் சிற்றிலைகள் நெருக்கமாக, சின்னதாக இருக்கும். இதில் நீளமாக, இடைவெளி விட்டு இருந்தன. அங்கே இதை மெஸ்கீட் என்கிறார்கள். நம் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு. நம் ஊரில் ஆடு மாடு காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புவது போல, அங்கேயும் மாட்டு மந்தைகள்தான் அதைப் புல்வெளி எங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன.

சரி, 64-க்கு வருகிறேன். அத்தனை லாரி ஓட்டுநர்கள், கிணறு தோண்டுபவர்கள், வரிசை வரிசையாகத் தகரக் கொட்டகை முகாம்களில் தூங்குபவர்கள், இவர்கள் யாரும் அந்த 64-ல் இல்லை. அமெரிக்க சென்சஸில் ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் எண்ணப்படுவார். இரண்டு வாரம் இங்கே வேலை, ஒரு வாரம் வீடு என்று போய்வருபவரின் பெயர் அவர் வீடு இருக்கும் ஊரில் சேரும். இன்னொன்றும் உண்டு. 2020-ல் தனிநபர் ரகசியம் காப்பதற்காக மாநில அளவுக்குக் கீழே இருக்கும் எண்களில் சென்சஸ் துறை வேண்டுமென்றே சிறிய கூட்டல் கழித்தல் செய்தது. பெரிய ஊரில் அது தெரியாது. இங்கே தெரியும். ஆகவே 64 என்பதை அறுபது, எழுபது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பவும் வரிசைக்கு வாருங்கள். 1940-ல் எண்ணெய் எடுக்கும்போது 285 பேர். இன்று பாறையில் பக்கவாட்டாகத் துளை போட்டு, தண்ணீரையும் மணலையும் அழுத்தத்தோடு செலுத்தி எடுக்கிறார்கள். டெக்சாஸில் மிக அதிகமாக எண்ணெய் எடுக்கும் கவுண்டிகளில் ஒன்று இது. ஆனால் 64 பேர். எண்ணெய் கூடியது, குடும்பங்கள் கூடவில்லை. கிணற்றுக்கு அருகில் குடும்பத்தோடு தங்கவேண்டிய வேலை போய்விட்டது. 1972-ல் பள்ளிக்கூடத்தையும் அடுத்த கவுண்டியில் உள்ள விங்க் ஊர்ப் பள்ளியோடு இணைத்துவிட்டார்கள், பிள்ளைகள் பஸ்ஸில் போகிறார்கள். பாடகர் ராய் ஆர்பிசன் வளர்ந்த ஊர் அந்த விங்க். பள்ளி போன ஊரில் இளம் குடும்பங்கள் தங்குவது சிரமம். அடுத்த எண்ணிக்கைகளான 91, 107, 67 எல்லாம் அதைத்தான் சொல்கின்றன.

ஆள் குறைவாக இருந்தால் இன்னொரு வினோதமும் நடக்கும். 2000-களின் நடுவில், அரசின் தலையீடே கூடாது என்ற கொள்கைக்காரர்கள் சிலர், கொஞ்சம் பேர் குடியேறினால் போதும், தேர்தலில் ஜெயித்துக் கவுண்டியையே கையில் எடுக்கலாம் என்று திட்டம் போட்டார்கள். நடக்கவில்லை. ஆனால் யார் இங்கே உண்மையில் குடியிருப்பவர், யாருக்கு இங்கே ஓட்டு என்பது சமீபத்தில்கூட வழக்காகப் போயிருக்கிறது. பத்து ஓட்டு முடிவை மாற்றும் இடத்தில் அது சின்ன விஷயமில்லை.

பிள்ளைகளிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். எத்தனை பேர் என்று கேட்டீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய கேள்வி. பெக்கோஸ் ஆற்று நீர் உப்பு. மென்டோனில் பல பத்தாண்டுகள் குடிநீரை வண்டியில்தான் கொண்டுவந்தார்கள். அந்த ஊரில் வைத்திருக்கும் வரலாற்றுப் பலகையிலேயே அதை எழுதியிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் இல்லை, வங்கி இல்லை, டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, இடுகாடும் இல்லை என்று. அதே மண்ணுக்கு அடியில் இருந்து இன்று ஒரு பீப்பாய் எண்ணெயோடு பல பீப்பாய் உப்புத் தண்ணீர் மேலே வருகிறது. குடிக்கவும் முடியாது, வயலுக்கும் பாய்ச்ச முடியாது. திரும்ப மண்ணுக்குள்ளேயே செலுத்துகிறார்கள். அந்த அழுத்தத்தால் அந்த வட்டாரத்தில் நிலநடுக்கங்கள் அதிகமாகிவிட்டன. 2020 மார்ச்சில் மென்டோனுக்கு மேற்கே 5.0 அளவில் ஒன்று வந்தது. வாய்க்கால் வெட்டப் போகிறோம் என்று 1893-ல் தொடங்கிய இடத்தில் இன்றும் பேச்சு தண்ணீரைப் பற்றியே.

பெயர் பாக்கி இருக்கிறது. லவிங் என்பது ஆலிவர் லவிங் என்ற மாட்டு வியாபாரியின் பெயர். சார்லஸ் குட்நைட் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, பெக்கோஸ் ஆற்றோரமாக மந்தைகளை நியூ மெக்சிகோவின் சம்னர் கோட்டைக்கு ஓட்டிப் போனவர். 1867-ல் மந்தைக்கு முன்னால் போனபோது கமாஞ்சி பழங்குடி மக்கள் தாக்கியதில் குண்டடி பட்டது. எப்படியோ கோட்டை வரை போய்ச் சேர்ந்தார். கை அழுகி, செப்டம்பர் 25-ஆம் தேதி இறந்தார். தன்னை டெக்சாஸ் மண்ணில்தான் புதைக்க வேண்டும் என்று குட்நைட்டிடம் வாக்கு வாங்கியிருந்தார். கோட்டையில் தற்காலிகமாகப் புதைத்திருந்த உடலைக் குட்நைட் தோண்டி எடுத்தார். அங்கே கிடந்த எண்ணெய்த் தகர டின்களைத் தட்டித் தகடாக்கிப் பற்றவைத்து ஒரு பெட்டி செய்தார்கள். மரச் சவப்பெட்டியை அதற்குள் வைத்து, சுற்றிலும் கரித்தூளை இட்டு நிரப்பி, வண்டியில் ஏற்றி வெதர்ஃபோர்டு வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கல்லறை இன்றும் அங்கேதான் இருக்கிறது.