குரலில் தெரியும் முகம்

நேயர்களுக்கு வணக்கம். தொலைபேசியில் அழைக்கும் வாடிக்கையாளரிடம் தோழமையோடு பேசுவது எப்படி என்று இன்று பார்ப்போம். வாடிக்கையாளர் சேவைப் பயிற்சி வகுப்புகளில் ஒரு கணக்கு அடிக்கடி காதில் விழும். பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம், குரலின் தொனிக்கு 38, முகபாவத்துக்கு 55 என்பார்கள். ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்ற உளவியலாளர் 1967-இல் செய்த ஆய்வுகளிலிருந்து கிளம்பிய கணக்கு இது. ஒருவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்றுதான் அவர் பார்த்தார். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். தெரியாத மொழியில் யாராவது புகார் சொல்லும்போது கேட்டுப் பாருங்கள். 93 சதவீதம் புரிகிறதா என்று தெரிந்துவிடும்!

ஆனாலும் அந்த ஆய்வில் நமக்குப் பயன்படும் விஷயம் ஒன்று இருக்கிறது. சொல் ஒரு பக்கமும் தொனி ஒரு பக்கமும் இழுத்தால், பேசுபவரின் மனநிலையை அறியக் கேட்பவர் தொனியைத்தான் நம்புகிறார். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தாளைப் பார்த்துப் படிக்கும்போது, அந்தத் தாளும் சேர்ந்து காதில் கேட்கிறது.

சிரித்தபடி பேசினால் உதடுகள் பின்னுக்கு இழுபடும். குரல் வரும் பாதையின் நீளம் சற்றுக் குறைந்து ஒலியே மாறும். முகம் பார்க்காமலே பல நேரம் அதைக் கண்டுகொள்கிறோம். அதற்காக எல்லோரிடமும் சிரித்துப் பேசு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பணம் போய்விட்ட பதற்றத்தில் அழைப்பவரிடம் உற்சாகம் பொங்கப் பேசினால் அவருக்கு எரிச்சல்தான் வரும்.

ஓர் உரையாடலைக் கற்பனை செய்து பாருங்கள். "என் கணக்கிலிருந்து இரண்டு முறை பணம் எடுத்துவிட்டீர்கள்!" என்று ஒருவர் கத்துகிறார். "கோபப்படாதீர்கள் சார்" என்றால் கோபம் இரண்டு மடங்காகும். இப்படிச் சொல்லலாம்: "இரண்டு முறையா? இருங்கள் சார், இப்போதே பார்க்கிறேன். ஆமாம், எனக்கும் தெரிகிறது. 10:42-க்கு ஒன்று, 10:43-க்கு ஒன்று." இதில் மன்னிப்பும் இல்லை, தேன் தடவிய வார்த்தையும் இல்லை. 'எனக்கும் தெரிகிறது' என்றவுடன், தான் சொல்வதை நிரூபிக்க வேண்டிய பாரம் அவரிடமிருந்து இறங்கிவிடுகிறது. பிறகு அவர் கத்துவதற்குக் காரணமில்லை.

பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தின. அந்த அளவில் ஸ, ஃப போன்ற ஒலிகள் மங்கிவிடும். அதனால் எண்களையும் பெயர்களையும் நிதானமாகச் சொல்வதும் தோழமைதான். தேடும்போது வாயை மூடிக்கொள்ளாமல் "பழைய பில்லைத் திறக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே தேடுங்கள். மறுமுனையில் இருப்பவருக்கு மௌனம் மிக நீளமாகத் தெரியும். அழைப்பை வேறொருவருக்கு மாற்றினால், நடந்ததை நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். அதே கதையை மூன்றாவது முறை சொல்ல வைத்துவிட்டு எவ்வளவு குழைந்து பேசினாலும் எடுபடாது.

மேலாளர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மனநிலையை வேலைக்காக மாற்றிக் காட்டுவதும் உழைப்பே என்று ஆர்லி ஹாக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983-இல் எழுதினார். ஒரு வசவு அழைப்பு முடிந்த நொடியே அடுத்த அழைப்பு வந்து விழுந்தால், அந்தக் கசப்பு அடுத்தவர் காதில்தான் போய்ச் சேரும். இரண்டு அழைப்புகளுக்கு நடுவே ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் நேரமாவது கொடுங்கள். ஓர் அழைப்புக்கு ஆகும் சராசரி நேரம் சில விநாடிகள் கூடினால் கூடட்டும்.

நன்றி, வணக்கம்.